பதினான்கு பிள்ளைகளின் காது

கதிரு,

நேற்று சாயந்திரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் நின்றுபோனதே, அது சிக்னல் கோளாறு இல்லை. நான்தான் வைத்தேன். அப்புறம் நீ மூன்று முறை கூப்பிட்டதும் தெரியும். எடுத்திருந்தால் வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பேன்; நீயும் பதிலுக்குப் பேசியிருப்பாய்; இரண்டு பேரும் கத்தி முடித்துவிட்டு விஷயத்தை மறந்திருப்போம். அதனால்தான் பேப்பரை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். இதை நீ மட்டும் படித்து மடித்து வைத்துவிடாதே. உன் ஸ்டாஃப் ரூமில் இருக்கிற டீச்சர்கள் படிக்கட்டும். உன் பிரின்ஸிபாலும் படிக்கட்டும். இதில் எனக்கு அவமானம் தருகிற சங்கதிகள் நிறைய இருக்கின்றன. இருக்கட்டும். ஒளித்து வைத்தது போதும்.

முதலில் நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். உங்கள் பள்ளிக்கும் வெளிநாட்டுப் பள்ளி ஒன்றுக்கும் பரிமாற்றத் திட்டம் நடக்கிறது. இந்த வருஷத்துத் தலைப்பு குழந்தைகளின் ஆரோக்கியமும் நல்வாழ்வும். பொறுப்பு முழுக்க உன்னுடையது. அதற்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தீர்கள். பதினோரு பெண் பிள்ளைகளுக்கு ரத்தம் மிகக் குறைவாக இருக்கிறது, பெற்றோருக்கு உடனே சொல்லுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். விருந்தாளிகள் அடுத்த வாரம் வருகிறார்கள். அவர்கள் வந்து போகிற வரைக்கும் வாயைத் திறக்க வேண்டாம் என்று பிரின்ஸிபால் சொல்லியிருக்கிறார். அந்தப் பதினோரு பேரில் ஆறு பேர் வரவேற்பு நடனத்தில் இருக்கிறார்கள். தினமும் வெயிலில் ஒத்திகை. முந்தாநாள் ஒரு பெண் ஆடிக்கொண்டே இருந்தவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஜூஸ் குடுத்தோம்பா, சரியாயிட்டா" என்றாய். பிறகு சிரித்துக்கொண்டே இதையும் சொன்னாய்: "பத்து நாள்தானேப்பா. பதினோரு அம்மாங்களும் ஸ்கூல் கேட்டாண்ட வந்து நின்னா ப்ரோக்ராம் இன்னாவறது? அவங்க ஊருக்குப் போனதும் சொல்லிடப் போறோம். அதுக்குள்ள இன்னா ஆயிடப் போவுது?"

என்ன ஆகும் என்று சொல்கிறேன், கேள். பாதிக் கதை உனக்குத் தெரியும். மீதிப் பாதியை இத்தனை வருஷமாக உன்னிடம் நான் சொல்லவில்லை.

நீ சின்னவனாக இருந்தபோது நான் ஆரணி-தேவிகாபுரம் பஸ்ஸில் கண்டக்டர். என் குரலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன் படிக்கட்டில் நின்று நான் கூப்பிட்டால் பின் சீட்டில் தூங்குகிறவன் எழுந்திருப்பான். வீட்டிலும் அதே குரல்தான். உன் அம்மா அதற்கு நேர் எதிர். முன்னறையில் உட்கார்ந்து பட்டு நூலைச் சுற்றிக்கொண்டே பேசுவாள். பக்கத்து அறைக்குக்கூட அவள் பேச்சு எட்டாது. அம்மா கூப்பிட்டால் நீ திரும்பிப் பார்க்க மாட்டாய். நான் ஒரு அதட்டு போட்டால் ஓடி வருவாய். இதை வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: பையனுக்குத் திமிர், அப்பனுக்கு மட்டும்தான் பயப்படுகிறான், அம்மாவை மதிப்பதில்லை. பள்ளியிலிருந்து புகார் வந்தபோதும் அதையேதான் சொன்னேன். அப்பா சொன்னால் கேட்கிறவன் டீச்சர் சொன்னால் ஏன் கேட்பதில்லை? கொழுப்பு.

உன் அம்மா பல முறை சொன்னாள். "புள்ளைக்குக் காதுல இன்னாவோ இருக்குதுங்க. காலைல பாத்தா தலகாணில கறை படிஞ்சிருக்குது. ஒரு தபா டாக்டராண்ட காட்டலாம்" என்பாள். "சளி புடிச்சா எல்லாப் புள்ளைக்கும்தான் வடியும். சும்மா பேஜார் பண்ணாத" என்று அவள் வாயை அடைத்தேன். அவள் என்ன செய்வாள், நல்லெண்ணெயைக் காய்ச்சி உன் காதில் இரண்டு சொட்டு விடுவாள். இப்படியே நாலைந்து வருஷம் ஓடியது. இந்தக் கதையில் உன் பள்ளி ஹெட்மாஸ்டரைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டும். திட்டிக்கொண்டேன். மேலே போவோம்.

நீ ஏழாவது படிக்கும்போதுதான் உங்கள் பள்ளிக்கு ஸ்காட்லாந்தில் ஒரு கூட்டாளிப் பள்ளி கிடைத்தது. அந்தத் திட்டத்தின் தலைப்பும் பிள்ளைகளின் ஆரோக்கியம்தான். அங்கிருந்து உங்கள் வயதுப் பிள்ளைகள் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். காலையில் என்ன சாப்பிடுவீர்கள், எவ்வளவு நேரம் விளையாடுவீர்கள், எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள். கடைசியில் ஒன்று: எங்கள் பள்ளியில் எங்கள் காதையும் கண்ணையும் பரிசோதிப்பார்கள், உங்கள் காதை யார் பார்ப்பார்கள்? நீ அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் கேட்டாய். நான் உள்ளேயிருந்து, "காதுல அழுக்கு எடுக்கறவன் பாப்பான்னு எழுதுடா" என்று சொல்லிச் சிரித்தேன். நீ அதை அப்படியே எழுதிக்கொண்டு போனாய்.

சிரிக்காத ஒருத்தர் இருந்தார். உங்கள் சயின்ஸ் டீச்சர் சுகந்தி. நிர்வாகம் தற்காலிகமாக வைத்திருந்த டீச்சர், சின்ன வயசு. அந்தக் கேள்வி அவரை உறுத்தியிருக்கிறது. வேலூரிலிருந்து காது பரிசோதிக்கிற ஒரு பெண்ணை அவராகவே பேசி அழைத்து வந்தார். தெருப் பக்கத்து வகுப்புகளில் விசைத்தறிச் சத்தம் கேட்கும் என்று, பின்னால் இருந்த ஒரு அறையை ஒழித்து அங்கே வைத்தார்கள். தலையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார்கள். நீ வீட்டுக்கு வந்து, "ஃபாரின்காரங்க மாதிரி எங்களுக்கும் மெஷின் வெச்சாங்கப்பா" என்று குதித்தாய். அந்த இரண்டு நாளில் பதினான்கு பிள்ளைகளுக்குக் காது சரியில்லை என்று தெரிந்தது. பதினான்கு பேர்களையும் எழுதி, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று குறிப்புப் போட்டு, சுகந்தி டீச்சர் ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தார். பெற்றோர்களை நானே கூப்பிட்டுப் பேசுகிறேன் என்று அவர் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பதினைந்தாம் நாள் ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்தார்கள். சுவருக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள். வாசலில் வாழைமரம், மேளம், வந்தவர்களுக்குப் பட்டுச் சால்வை. வராந்தா முழுக்க போட்டோக்கள் மாட்டியிருந்தார்கள். நீ ஹெட்போனை மாட்டிக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிற போட்டோ நடுவில் இருந்தது. அதன் மேலே 'நலமான பிள்ளைகள், வளமான எதிர்காலம்' என்று பேனர். டூட்டிக்கு நடுவில் அனுமதி வாங்கிக்கொண்டு காக்கிச் சட்டையோடு வந்து, கடைசி வரிசையில் நின்று நானும் கைதட்டினேன். அந்தப் போட்டோவில் நீ சிரிக்கிற அதே நேரத்தில் அந்த மெஷின் சத்தத்தில் பாதி உனக்குக் கேட்கவே இல்லை என்று எழுதிய தாள் நாலு சுவர் தள்ளி, ஹெட்மாஸ்டர் ரூம் பீரோவில் இருந்தது. வந்தவர்கள் போட்டோவைப் பார்த்துப் பாராட்டினார்கள். வண்டி ஏறிப் போனார்கள். தாள் பீரோவிலேயே இருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள். நீ மறந்திருந்தால் நல்லது; நான் மறக்கவில்லை. கடைத்தெருவில் நீ முன்னால் போய்க்கொண்டிருந்தாய். அம்மா இரண்டு பையோடு உனக்குப் பின்னால். நான் எதிர்ப்பக்கம் கடையில் நின்றிருந்தேன். சந்திலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. அம்மா உன் பேரைச் சொல்லிக் கத்தினாள். அவளால் முடிந்த அளவுக்குக் கத்தினாள். நீ பாட்டுக்கு நடந்தாய். டிராக்டர்காரன் பிரேக்கை மிதித்து உன்னை இடிக்காமல் நிறுத்தினான். நான் ஓடி வந்து உன் சட்டையைப் பிடித்தேன். "அம்மா கத்தறது காதுல விழலையாடா?" என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்து, "விழலப்பா" என்றாய். எனக்கு அது எதிர்த்துப் பேசுவதாகப் பட்டது. தெருவில் அத்தனை பேர் பார்க்க உன் கன்னத்தில் அறைந்தேன். காதோடு சேர்த்து அறைந்தேன்.

பன்னிரண்டு வயசுப் பிள்ளை உண்மையைச் சொன்னதற்கு அடி வாங்கியது. அந்த உண்மை பள்ளியில் எழுதிப் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அன்றைக்கு நீ டிராக்டருக்கு அடியில் போயிருந்தாலும் அந்தத் தாள் வெளியே வந்திருக்காது. இப்போது சொல், பதினைந்து நாளில் என்ன ஆகிவிடும் என்று அந்த ஹெட்மாஸ்டரும் நினைத்திருப்பாரா இல்லையா?

தை மாதத்தில் ஒரு காலை, தேவிகாபுரத்தில் சுகந்தி டீச்சர் என் பஸ்ஸில் ஏறினார். வருஷம் முடியும் முன்பே அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். டிக்கெட் கொடுத்தேன். "கதிர் எப்படி இருக்கான் சார்? வேலூர்ல இன்னா சொன்னாங்க?" என்றார்.

"வேலூரா? எதுக்கு டீச்சர்?"

"காதுக்குத்தான் சார். ரெண்டு காதுலயும் கொறவா இருக்குதுன்னு எழுதிக் குடுத்தனே. பேரண்ட்ஸ் எல்லாருக்கும் சொல்லியாச்சுன்னு ஹெட்மாஸ்டர் சொன்னாரே?"

நான் விசில் ஊத மறந்துவிட்டேன். பஸ் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனது. இறங்க வேண்டியவர்கள் கத்தினார்கள். டீச்சர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "யாருக்குமே சொல்லலையா சார்?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

அன்று டூட்டி முடிந்ததும் நேராகப் பள்ளிக்குப் போனேன். ஹெட்மாஸ்டர் ரூமில் நான் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்புகள் அமைதியாகிவிட்டன. அவர் கத்தவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார். "உக்காருங்க. தண்ணி சாப்பிடுங்க. நான் எதையும் மறைக்கல. கொஞ்சம் தள்ளி வெச்சேன். வெளிநாட்டுக்காரங்க வர்ற நேரத்துல பதினாலு பசங்களுக்குக் காது கேக்கலன்னு சொன்னா நம்ம ஊரைப் பத்தி இன்னா நெனைப்பாங்க, சொல்லுங்க?" என்றார்.

"அவங்க போயி நாலு மாசம் ஆச்சே சார்?"

"அப்புறம் அரையாண்டுப் பரீட்சை வந்துடுச்சு. லீவு வந்துடுச்சு. இப்போ போயி சொன்னா இத்தினி நாள் ஏன் சொல்லலன்னு கேப்பாங்க."

கவனித்தாயா கதிரு? முதலில் விருந்தாளிக்காகத் தள்ளிவைத்தார். பிறகு, தள்ளிவைத்தது வெளியே தெரிந்துவிடுமே என்பதற்காகத் தள்ளிவைத்தார். நீ சொல்கிற பத்து நாளும் இப்படித்தான் நீளும். பதினோராம் நாள் ஒரு அம்மா, டாக்டர் எப்போது சொன்னார் என்று கேட்பாள். என்ன பதில் வைத்திருக்கிறாய்?

பீரோவைத் திறந்து அந்தத் தாளை என் கையில் கொடுத்தார். மூன்றாவது பேர் நீ. ஒன்பதாவது பேர் செல்வி, ஏழாவது பி, தேவிகாபுரம். எனக்குத் தெரிந்த பெண். அவள் அம்மா கன்னியம்மா ஆரணியில் பட்டு நூல் முறுக்குகிற இடத்தில் வேலை செய்கிறவள். தினமும் காலையில் என் பஸ்ஸில்தான் வருவாள். நான் அந்தப் பேரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹெட்மாஸ்டர் தாளை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இதுவரைக்கும் உனக்கு ஓரளவு தெரியும். இனி வருவதுதான் தெரியாதது.

"உங்க பையன நாளைக்கே வேலூர் கூட்டினு போங்க. எத்தினி நாள் லீவு ஆனாலும் நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். அப்புறம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மே மாசம் நம்ம பசங்க நாலு பேரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பறோம். எல்லாம் அவங்க செலவுதான். கதிர் பேரைச் சேத்துடறேன். மத்தவங்க வீட்டுக்கு நான் பக்குவமா சொல்லிக்கறேன். நீங்க பஸ்ல நாலு பேர்கிட்ட பேசறவரு. கொஞ்ச நாளைக்கு இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

நான் சரி என்று சொல்லவில்லை. இதை எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லித் தேற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் முடியாது என்றும் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன். என் அப்பா அடுத்தவன் நிலத்தில் ஏர் ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதலில் சம்பளம் வாங்கியவன். என் பிள்ளை விமானம் ஏறப்போகிறான் என்று நினைத்தபோது மற்றப் பதின்மூன்று பேரும் என் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள். மார்க்குக்காகவோ ஆங்கிலத்துக்காகவோ உன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை கதிரு. என் வாயை மூடுவதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பயணம்தான் என்னை வாத்தியாராக்கியது என்று நீ மேடைக்கு மேடை சொல்லும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது இதனால்தான்.

வேலூரில் உன் இரண்டு காதையும் பார்த்தார்கள். செவிப்பறை இரண்டிலும் ஓட்டை. மாசியில் வலது காதுக்கு ஆபரேஷன் ஆனது, அது தேறியது. இடது காதில் போனது போனதுதான். "ஓட்டை சின்னதா இருக்கும்போதே கொண்டாந்திருக்கணும்" என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த வாரம், அடுப்படியிலிருந்து அம்மா மெதுவாக ஏதோ கேட்டாள். நீ முன்னறையிலிருந்து பதில் சொன்னாய். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். அந்தச் சந்தோஷத்தை நான் முழுசாக அனுபவித்தேன் என்பதுதான் இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால் அதே வாரத்திலும் தினமும் காலையில் கன்னியம்மா என் பஸ்ஸில் வந்தாள். தை, மாசி, பங்குனி, சித்திரை. தினமும் அவளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். அவளாகவே சில நாள் பேச்சுக் கொடுப்பாள். "எம் பொண்ணு மக்குண்ணே. கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்குறாளாம். கடைசி பெஞ்சுல ஒக்கார வெச்சிட்டாங்களாம். இந்த முழுப் பரீட்சையோட நிறுத்திடலாம்னு பாக்குறேன்" என்றாள் ஒரு நாள். செல்வி மக்கு இல்லை, அவளுக்குக் காது கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு எத்தனை வார்த்தை வேண்டும்? "சில்லறை இருந்தா குடும்மா" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த சீட்டுக்கு நகர்ந்தேன்.

நீ மே மாதம் போய்ப் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாய். வந்த அன்று விடாமல் பேசினாய். பனி, ஆடு, ரொட்டி, எல்லாம் சொல்லிவிட்டு ஒரு பையனைப் பற்றிச் சொன்னாய். "அந்தப் பையன் காதுல மெஷின் வெச்சுகினு இருக்கான்பா. எல்லார் முன்னாடியும் கழட்டி, இது எப்படி வேலை செய்யுதுன்னு எங்களுக்குக் காட்டினான். யாருமே சிரிக்கல. எனக்கும் ஆபரேஷன் ஆச்சுன்னு நான் சொன்னேன். எல்லாரும் சுத்தி ஒக்காந்து கேட்டாங்க. ஒன்ன மாதிரி ஒங்க ஸ்கூல்ல வேற யாருக்கு இருக்குதுன்னு கேட்டாங்க. தெரியலன்னு சொன்னேன்."

தெரியலன்னு சொன்னேன் என்றாய். எனக்குத் தெரியும். யார் என்ன நினைப்பார்களோ என்று நாங்கள் பயந்தோமே, அவர்கள் நினைத்தது அவ்வளவுதான்: வேறு யாருக்கு இருக்கிறது, அவர்களுக்கு என்ன செய்தீர்கள்? அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த அறிவு ஹெட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் தேவிகாபுரத்துக்குப் போய்க் கன்னியம்மா வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன்.

"வாங்கண்ணே, இன்னா இவ்ளோ தூரம்?" என்று பாயை எடுத்துப் போட்டாள். செல்வி எங்கே என்று கேட்டேன். "மெட்ராசுல எங்க அண்ணன் மக வீட்டுக்கு அனுப்பிட்டேண்ணே. கைக்கொழந்த இருக்குது, பாத்துக்க ஆளு இல்ல. படிப்புதான் ஏறலயே" என்றாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இது ஒனக்கு எப்போ தெரியும்?"

"தை மாசம்."

போட்ட பாயைச் சுருட்டி எடுத்தாள். "தெனம் டிக்கெட்டு குடுத்தியேப்பா" என்றாள்.

அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. மறுநாளிலிருந்து என் பஸ்ஸில் ஏறுவதையும் விட்டுவிட்டாள். நான் வருவதைப் பார்த்தால் ஸ்டாப்பில் நகர்ந்து நின்றுகொண்டு அடுத்த வண்டியில் வருவாள். நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் அப்படித்தான்.

பிறகு நானும் சுகந்தி டீச்சரும் மற்ற வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனோம். இரண்டு குடும்பம் ஊரை விட்டே போயிருந்தது. ஒரு வீட்டில், பெண்ணுக்குக் குறை என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று எங்களை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். ஒன்பது பிள்ளைகள் வேலூருக்குப் போனார்கள், பெரும்பாலானவர்களுக்குக் குணமாகியது. செல்வியை அவள் அம்மா தீபாவளிக்கு அழைத்து வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். காது கேட்க ஆரம்பித்தது. ஆனால் மறுபடி பள்ளிக்குப் போக அந்தப் பெண் சம்மதிக்கவில்லை. "மக்குன்னு அவங்க சொன்னதுதான் நல்லா கேட்டுச்சு டீச்சர். அங்க வரமாட்டேன்" என்று சுகந்தி டீச்சரிடம் சொன்னாளாம். ஹெட்மாஸ்டர் சால்வை போர்த்திக்கொண்டு நல்லபடியாக ஓய்வு பெற்றார். அந்தப் பரிமாற்றத் திட்டத்தைப் பற்றி அன்றைக்கு மேடையில் கால் மணி நேரம் புகழ்ந்து பேசினார்கள்.

இதனால் நான் இந்தத் திட்டங்களுக்கு எதிரி என்று நினைத்துவிடாதே. கடல் தாண்டி இருந்த ஒரு குழந்தை 'உங்கள் காதை யார் பார்ப்பார்கள்' என்று கேட்காமல் இருந்திருந்தால் உன் காதை இன்றுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெற்ற நானே பார்க்கவில்லையே. இரண்டு ஊர்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து, உங்களுக்கு இருப்பது எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்கத்தான் இதெல்லாம். நீங்களோ அந்தக் கேள்வியே எழாமல் இருக்க வெள்ளையடிக்கிறீர்கள். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்குவோம், கோலம் போடுவோம். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை அறைக்குள் போட்டுப் பூட்டுவோமா? அதைவிடக் கேவலமாக நீங்கள் செய்வது, அந்தப் பிள்ளைக்கே சலங்கை கட்டி ஆட விடுவது. ரத்தம் இல்லாத பெண்களை வெயிலில் ஆடவிட்டு, மேலே நல்வாழ்வு என்று பேனர் கட்டப்போகிறாய். அந்த வார்த்தையைப் பேனரில் எழுத உனக்குக் கை கூசவில்லையா? உன் பிரின்ஸிபாலைக்கூட விடு. அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். போட்டோவில் சிரித்துக்கொண்டு நின்ற பிள்ளை நீதான்.

பிரின்ஸிபால் சொன்னால் நான் என்ன செய்ய என்று கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு நாலு மாதம் டிக்கெட் கிழித்தேன். உன்னிடம் அந்தப் பதினோரு வீட்டின் போன் நம்பரும் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிஷம் ஆகுமா?

இதுவரை எழுதி மேசைமேல் வைத்துவிட்டு, பால் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் உன் அம்மா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். பேசவில்லை, படித்துக்கொண்டிருக்கிறாள். பக்கம் பக்கமாக, அவளுடைய அந்தச் சின்னக் குரலில், உனக்கு. எனக்குக் கோபம் வந்தது. போனைப் பிடுங்கப் போனேன். கையால் போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "நீங்க போஸ்ட்டு பண்ணி அது போயி சேர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுங்க நாலு நாள் வெயில்ல ஆடுங்க. தெரியுதா?" நான் உட்கார்ந்துவிட்டேன். தாமதம் என்ன செய்யும் என்று இத்தனை பக்கம் எழுதிய எனக்கு அது தோன்றவில்லை.

சாயந்திரம் நீ கூப்பிட்டாய். இந்த முறை எடுத்தேன். ஏழு வீட்டுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னாய். நாலு வீட்டில் போன் எடுக்கவில்லை என்றாய். பிரின்ஸிபால் உன்னைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார், வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார் என்றாய். அப்புறம், "செல்வி இப்போ எங்கப்பா இருக்கா?" என்றாய். தேவிகாபுரத்தில்தான் இருக்கிறாள், தையல் மெஷின் வைத்திருக்கிறாள், இரண்டு குழந்தைகள் என்றேன். "நான் போயி பாக்கட்டுமா?" என்றாய். போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன்; இதையும் இன்றைக்கே அம்மா உனக்குப் போனில் படித்துவிடுவாள்.

ஏழு வீட்டுக்குச் சொன்னதற்கு என்னிடம் பாராட்டை எதிர்பார்க்காதே. திட்டம் கையை விட்டுப் போனதற்கு அம்மா உனக்கு ஆறுதல் சொல்லியிருப்பாள். நான் சொல்ல மாட்டேன். செல்வியைப் பார்க்கப் போவது உன் மனசு லேசாக வேண்டும் என்பதற்கென்றால், அதற்கு அவள் வீட்டை உபயோகப்படுத்தாதே. போன் எடுக்காதவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். காலை ஆறு மணிக்குள் போனால் வீட்டில் இருப்பார்கள். ரிஜிஸ்டரில் முகவரி இருக்கும், எழுதிக்கொள். அந்த நாலு கதவையும் தட்டிவிட்டு என்னைக் கூப்பிடு.

அப்பா